தலையணை மலை

சிறு வயதில் நான் படுத்துத் தூங்கியதே கிடையாது. உட்கார்ந்துதான் தூங்குவேன். சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். பினாங்கில், சூலியா தெருவில், வாப்பாவின் கைலிக்கடைக்கு மேலே இருந்த மாடியில் எங்கள் குடித்தனம். அங்கே முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்தபடியே என் பிள்ளைப் பருவத்தில் பாதி போயிற்று. எனக்கு இழுப்பு. மூச்சு உள்ளே போய்விடும். வெளியே வரத்தான் மாட்டேன் என்று அடம்பிடிக்கும். படுத்தால் நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றியதுபோல் இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்தக் கல் கொஞ்சம் கீழே இறங்கும்.

மூச்சு குறைந்தால் உலகம் மெதுவாகிவிடும். இதை இழுப்பு வராதவர்களுக்கு விளக்க முடியாது. ஜன்னல் பலகையின் இடுக்கு வழியே எதிர்க்கூரையின் ஓடுகள் தெரியும். அதில் ஒரு புறா நடந்தால், அது ஒரு காலை எடுத்து மறுகாலை வைப்பதற்குள் ஒரு காலமே கழிந்ததுபோல் இருக்கும். தெருவில் ரிக்‌ஷாக்காரரின் மணி ஒலிக்கும். அந்த ஒலி எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வரும். பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்வது கேட்கும்போது, அந்தக் குரலுக்கு எவ்வளவு மூச்சு இருக்கிறது என்று வியந்துகொண்டிருப்பேன். ஒருவர் இவ்வளவு நேரம் நிறுத்தாமல் ஓத முடியுமா என்று எனக்குப் பொறாமையாக இருக்கும். பயமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்துக்கும் மூச்சு வேண்டுமே. அது இல்லாததால் பாதிப் பயத்தைக் கனவாகவே கண்டு முடித்துவிடுவேன்.

அந்தத் தலையணைகள் எல்லாம் உம்மா தைத்தவை. மற்ற வீடுகளில் பிள்ளைக்கு நோய் வந்தால் நேர்த்திக்கடன் வைப்பார்கள். எங்கள் வீட்டில் எனக்கு இழுப்பு வந்து போனால் ஒரு தலையணை பிறக்கும். "புள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ஒசரமா சாஞ்சா நல்லா இருக்கும்" என்று உம்மா ஊசியைக் கையில் எடுத்துவிடுவாள். கழுத்துக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, கை வைக்க இரண்டு, கட்டிக்கொள்ள நீளமாக ஒன்று. கடையில் மிஞ்சிய கைலித் துண்டுகள்தான் உறை. ஆகவே என் மலை கட்டம் போட்ட மலை. ஊதாவும் பச்சையும் செங்காவியுமாக இருக்கும். அதன் உச்சியில் நான் சுல்தானின் மகளைப்போல் வீற்றிருப்பேன். எனக்கு அதில் கர்வம்கூட உண்டு. தெருவில் ஓடித்திரியும் பிள்ளைகளில் யாருக்கு இத்தனை தலையணை இருந்தது?

உள்ளே அடைப்பது இலவம் பஞ்சு. கெப்பாலா பத்தாஸ் பக்கத்துத் தோட்டங்களில் காய் வெடிக்கும் பருவத்தில், வாப்பாவிடம் கைலி வாங்கும் மலாய் வியாபாரி ஒருவர் கோணி நிறையக் கொண்டுவந்து இறக்குவார். என்னைப் பார்த்துவிட்டு, "காசியான் லா" என்று பரிதாபப்பட்டு, எனக்கென்று ஒரு கோணியைக் கூடுதலாகவும் வைத்துவிட்டுப் போவார். பஞ்சு கடையும் நாள் எனக்குப் பெருநாள். காற்றில் பறந்துவிடக் கூடாது என்று உம்மா ஜன்னல்களை எல்லாம் அடைப்பாள். பழைய தலையணைகளின் தையலைப் பிரித்து, கட்டிபட்டுப்போன பஞ்சையும் புதுப் பஞ்சையும் பெரிய கூடையில் ஒன்றாகக் கொட்டி, மூங்கில் குச்சியால் கடைவாள். கடையக் கடையப் பஞ்சு பொங்கும். இடுக்கில் வரும் வெயில் கோட்டில் வெள்ளைத் துகள்கள் ஏறும், இறங்கும், நிற்கும். நான் நடுவில் உட்கார்ந்து வாயைத் திறந்து அவற்றைப் பிடிப்பேன். உம்மாவின் புருவத்திலும் கண்ணிமையிலும் பஞ்சு ஒட்டி, அவள் கிழவியாகிவிட்டதுபோல் தெரிவாள். நாங்கள் இருவரும் தும்முவோம், சிரிப்போம். பஞ்சு என்றால் தும்மல் வரத்தானே செய்யும்?

மறுநாள் விடியும்போது எனக்கு இழுக்கும். "சிரிச்சதுதான் காரணம்" என்பார் வாப்பா.

பலர் அடித்தால் பாம்பு சாகாது என்பார்கள். என் இழுப்பையும் அப்படித்தான் ஆளாளுக்கு அடித்தார்கள். கீழே சாயா ஆற்றுகிறவர் ஐஸ் தண்ணீரைக் குற்றம் சொன்னார். பக்கத்து வீட்டுச் சீனத்தி அக்கா, என் உடம்பில் காற்று புகுந்துவிட்டது என்று முதுகில் தைலத்தைத் தேய்த்துச் சீப்பால் சுரண்டினாள். வாப்பாவுக்கு எங்கள் தெருவின் சாக்கடையும் புழுதியும்தான் எதிரி. வாழைப்பழம் கூடாது, மோர் கூடாது, தலைக்குக் குளித்தால் ஈரம் போவதற்குள் வெளியே வரக் கூடாது, ஓடக் கூடாது, சிரிக்கவும் கூடாது. சிரிக்காதே என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். அன்று பார்த்து உலகத்தில் இருப்பவர்கள் எல்லாம் கோமாளிகளாகத் தெரிவார்கள். இதில் எல்லாமே பிழை என்று சொல்ல மாட்டேன். மழைக்கால ஈரமும், சளிக்காய்ச்சலும், வாப்பாவின் சுருட்டுப் புகையும் வளர்ந்த பிறகும் என்னைச் சும்மா விட்டதில்லை. ஆனால் அவை எப்போதோ வருகிறவை. எனக்கோ வாரம் தவறாமல் இழுத்தது.

ஒரு தடவை வாப்பா என்னை டிராமில் ஏற்றி ஆயர் ஈத்தாமுக்குக் கூட்டிப்போனார். மலையடிவாரத்தில் அவருடைய கூட்டாளி ஒருவரின் பலகை வீட்டில் சில நாள் தங்கினோம். அங்கே எனக்கு இழுக்கவே இல்லை. மாமரத்துக்குக் கீழே ஓடினேன், சிரித்தேன், ஐஸ்கூடத் தின்றேன். "பாத்தியா, காத்து! எல்லாம் மலைக் காத்து!" என்று வாப்பா பார்ப்பவர்களிடம் எல்லாம் சொன்னார். அந்த வீட்டில் கோரைப்பாய் மட்டும்தான் இருந்தது, தலையணையே இல்லை. இது யார் கண்ணிலும் படவில்லை. தலையணை இல்லாமல் என்ன வீடு என்று நான்தான் மனத்துக்குள் ஏளனம் செய்துகொண்டிருந்தேன். திரும்பி வந்த மறுநாளே என் தலையணை மலையில் ஏறி உட்கார்ந்தேன். இழுப்பும் கூடவே ஏறிக்கொண்டது. வாப்பா என்னை டாக்டரிடம் காட்டினார். பிள்ளைக்குக் காற்று மாறினால் நல்லது என்று அவரும் சொன்னார். வாப்பாவுக்கு அது வேதவாக்காகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாமி ஊரிலிருந்து வந்திருந்தார். வாப்பாவின் அக்கா; வாப்பா அவரை லாத்தா என்று கூப்பிடுவார், உம்மாவும் அப்படித்தான். நாகப்பட்டினத்திலிருந்து தனியாகக் கப்பலேறி, வாந்தி எடுக்காமல் வந்து இறங்கிய ஒரே பெண்பிள்ளை என்று அவருக்குப் பெயர். அவர் ஒன்று சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. என் இழுப்பை ஒரு விடியற்காலை முழுக்கப் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இந்த ஊரு காத்து இதுக்கு ஆவாது தம்பி. நான் ஊருக்குப் போறப்ப புள்ளைய கூட்டிட்டுப் போயிடுறேன். நாகூருக்கு நேந்துக்கிட்டேன்."

வாப்பா சரி என்றார். என் தம்பி கைக்குழந்தை, வாப்பாவுக்குக் கடை. உம்மா வர முடியாது. அந்தக் காலத்தில் கடல் தாண்டிப் போன பிள்ளை எப்போது திரும்பும் என்று யாரும் கேட்பதில்லை. பெண்பிள்ளையானால் அங்கேயே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவிடுவார்கள். எனக்கு இது எல்லாம் தெரிந்தது. நான் அழுதால் இழுக்கும் என்பதால் அழக்கூட முடியவில்லை. உம்மா இல்லாத ஊரில் எனக்கு இழுத்தால் யார் முதுகைத் தடவுவார்கள் என்ற ஒரே நினைப்பு ஈயைப்போல் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது.

உம்மா அழவில்லை. தலையணை தைத்தாள். கப்பலில் நான் நன்றாகச் சாய்ந்துகொள்ள வேண்டும், ஊரில் அவள் இல்லாவிட்டாலும் அவள் தைத்தது என் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பிரித்து, பஞ்சை மறுபடி கடைந்து, நிறைத்து, தைத்து, கோணியில் கட்டி, கப்பல் சாமான்களோடு முன்கூட்டியே துறைமுகத்துக் கிட்டங்கிக்கு அனுப்பிவிட்டாள். அறையைக் கூட்டிக் கழுவினாள். அது திடீரென்று பெரிதாகிவிட்டது. சாய்வதற்கு ஒன்றும் இல்லை. "என் மடியிலயே தூங்கு, கொஞ்ச நாளுதானே" என்று பாயை விரித்தாள்.

அந்த நாட்களைத்தான் நான் இப்போதும் கனவில் காண்கிறேன். முதல் நாள் கொஞ்சம் இழுத்தது. அடுத்த நாள் குறைந்தது. அதற்கப்புறம் ஒரு விடியற்காலையில் கண் விழித்தபோது, உத்தரக் கட்டைகள் என் முகத்துக்கு நேரே தெரிந்தன. நான் படுத்திருந்தேன்! மல்லாந்து, பாயில், எல்லோரையும்போல. உம்மாவின் மடியிலிருந்து தலை எப்போதோ நழுவியிருக்க வேண்டும். என் வீட்டுக்கு மேற்கூரை இருப்பதை அன்றுதான் பார்த்தேன். ஓட்டின் ஒரு கண்ணாடிச் சில்லு வழியாக வெளிச்சம் பால்போல் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பல்லி தலைகீழாக நடந்தது. எங்கள் மாடித் தரையில், கீழே வாசலுக்கு வருவது யார் என்று பார்க்க ஒரு சிறு சதுரத் துவாரம் உண்டு. பகலில் அதில் கன்னத்தை வைத்துக் குப்புறப் படுத்துக்கொள்வேன். கடையில் கைலி விரியும் ஓசை, கஞ்சி போட்ட புதுத்துணியின் மணம், வாப்பாவின் தொப்பியின் மேல்பக்கம், வந்து போகிறவர்களின் மலாயும் தமிழும் கலந்த பேரம். எல்லாம் என் கீழே ஆற்றைப்போல் ஓடிக்கொண்டிருக்கும். மூச்சு வருகிறதா போகிறதா என்று நினைக்கவே மறந்துபோனேன். அப்படி ஒன்றை மறக்க முடியும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

மாமிக்குத் தலைகால் புரியவில்லை. "நேந்துக்கிட்டது ஏத்துக்கிட்டாச்சு! இனி ஒரு நாளும் தாமசிக்கக் கூடாது" என்றார். வாப்பாவும், போகிற நினைப்பே பிள்ளைக்கு இவ்வளவு நல்லது செய்கிறதே என்று நெகிழ்ந்துபோனார். நான் நன்றாக மூச்சு விடவிட, என் பயணம் உறுதியாகிக்கொண்டே போயிற்று. இது என்ன நியாயம் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. குணமானால் போகத் தேவையில்லைதானே? பெரியவர்களின் கணக்கு அப்படி இல்லை.

கப்பல் தாமதமானது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கிட்டங்கிக் கூரை ஒழுகுகிறது என்று கோணிகளை மறுபடி வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். ஓரத்தில் கொஞ்சம் நனைந்திருந்தது. உம்மா பதறிப்போய்த் தையலைப் பிரித்து, ஈரப் பஞ்சை ஒதுக்கி, மிச்சத்தைக் கையால் உதறி உதறி மறுபடி நிறைத்தாள். வெளியே மழை என்பதால் ஜன்னல்கள் அடைத்திருந்தன. பழையபடி வெள்ளைத் துகள்கள் எழும்பின. நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். சாயங்காலத்துக்குள் எனக்கு இழுக்க ஆரம்பித்தது. அதுவரை அப்படி ஒரு இழுப்பு வந்ததில்லை. உதடு நீலம் பாய்ந்துவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். உம்மா வழக்கப்படி தலையணைகளை அள்ளி என் முதுகுக்குப் பின்னால் அடுக்கினாள். மூச்சு இன்னும் இறுகியது. இன்னொன்றை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. கையில் தலையணை. தலைமுடியில் பஞ்சு. அவள் அந்தத் தலையணையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அதை வீசி எறிந்துவிட்டு, என்னை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, தலையில் துணிகூட இல்லாமல் மாடிப்படியில் இறங்கிக் கடை வாசலுக்கே வந்துவிட்டாள். கடை வரிசைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை, அஞ்சடி என்போம், அங்கே என்னை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சாக்கடை வாடை, ரிக்‌ஷா தெறிக்கும் சேறு, மழைச்சாரல். ஆகாது ஆகாது என்று வாப்பா சொன்ன காற்றெல்லாம் அங்கேதான் இருந்தது. அந்தக் காற்றில்தான், நீண்ட நேரத்துக்குப் பிறகு, என் நெஞ்சு மெல்ல மெல்ல இளகியது.

விளக்கேற்றும் நேரத்தில் வாப்பாவும் மாமியும் எங்களைச் சூழ்ந்து நின்றார்கள். உம்மா சொன்னாள்: "காத்து இல்லைங்க. பஞ்சு. நான் தச்ச தலகாணிதான். அது இல்லாத நாள்ல புள்ளைக்கு ஒண்ணுமே இல்ல. ஆயர் ஈத்தாம்லயும் அப்படித்தான். புள்ளையக் கிள்ளிவிட்டு தொட்டிலையும் ஆட்டுன கதையா, நானே..."

வாப்பா நம்பவில்லை. "பஞ்சு என்னா செய்யும்? ஊரு ஒலகமே பஞ்சுலதானே தூங்குது?"

மாமி நேரடியாகவே சொன்னார். "புள்ளையப் பிரிய மனசு இல்ல, கதை கட்டுறா. தாய் மனசு, நான் குத்தம் சொல்லல. ஆனா நேந்துக்கிட்டது நேந்துக்கிட்டதுதான்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் பொய் சொல்லமாட்டாள் என்று கத்தத் தோன்றியது, கத்துவதற்குத்தான் மூச்சில்லை. வாப்பா சற்று யோசித்துவிட்டு நியாயமாகத்தான் ஒரு வழி சொன்னார். "அப்ப ஒண்ணு செய்யி. நாளைக்கு, புள்ளைக்கு நல்லா ஆனப்புறம், அந்த தலகாணியில சாச்சு வையி. மறுபடி இழுத்தா நீ சொல்றது சரி. அனுப்ப வேணாம்."

வெகு சுலபம். ஒரே ஒரு தடவை. நான் உம்மாவின் மடியிலிருந்து அவளை நிமிர்ந்து பார்த்தேன், சரி என்று சொல், சரி என்று சொல் என்று. எனக்குச் சம்மதம்தான். இத்தனை தடவை இழுத்திருக்கிறது, இன்னும் ஒரு தடவை இழுத்துவிட்டுப் போகட்டும். பிறகு நான் இங்கேயே இருக்கலாம்.

உம்மா தலையை ஆட்டினாள். "முடியாது" என்றாள். வாப்பாவிடம் அவள் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. "தெரியாம செஞ்சது போதும். தெரிஞ்சு இன்னொரு தடவை இவ மூச்ச நான் அடைக்க மாட்டேன். நீங்க நம்பலன்னா பரவால்ல. லாத்தா, நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் தடுக்கல. அந்த தலகாணிய மட்டும் கொண்டு போவாதீங்க. அங்க இவள பாயில போடுங்க. அது போதும் எனக்கு."

நான் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். என்னை விட்டுக்கொடுத்துவிட்டாளே என்று அப்போது எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மாமி கீழே குனிந்து, உம்மாவின் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சு ஒன்றை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார். "தம்பி" என்று வாப்பாவைக் கூப்பிட்டார். "பிரிய மனசில்லாதவ பேசுற பேச்சா இது? மேல போயி அந்தக் கோணிய எல்லாம் தூக்கி வெளிய போடச் சொல்லு. நாகூருக்கு நான் போயி சொல்லிக்கிறேன்."

கப்பல் வந்த அன்று மாமியை வழியனுப்ப நாங்கள் எல்லோரும் துறைமுகத்து ஜெட்டிக்குப் போனோம். மழை விட்டு, கடல் மங்கிய வெள்ளியாகப் பரந்து கிடந்தது. சம்பான் படகுகள் அசைந்துகொண்டிருந்தன. அக்கரையின் மலைகள் இருக்கின்றனவோ இல்லையோ என்பதுபோல் தெரிந்தன. மாமி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். கடைசியில் என் முன்னால் மண்டியிட்டு, என்னைத் திருப்பி நிறுத்தி, என் முதுகில் காதை வைத்தார். சுற்றிலும் கூலிகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் மூச்சு விட்டேன். மறுபடி விட்டேன். அவர் எழுந்து, உம்மாவின் கன்னத்தை இரண்டு கைகளாலும் தடவிக் கொடுத்தார்.

"நல்லா கேட்டுப் பாத்தேன் புள்ள," என்றார். "ஒரு சத்தமும் இல்ல."

அத்தனை நாள் அழாத உம்மா அங்கே, அத்தனை பேர் நடுவில், வாய்விட்டு அழுதாள்.